நாலு பக்கமும் சரி

காலை ஏழேகாலுக்கு ரோஸ்லின் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் ஒரு பெண்ணின் குரல் மூச்சு வாங்கியது.

"சர்வேயர் மேடமா? தென்பாதிச்சேரி கலைமகள் பேசுறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளத்துல எங்க வயலை அளந்து கல்லு நட்டுக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? இப்ப வயல் ஓரத்துல பொக்லைன் நிக்குது மேடம். வாய்க்கால் கரையை நாங்க பிடிச்சிருக்கோமாம், வெட்டி எடுக்கப் போறாங்களாம். அங்க இருக்கிறது நீங்க நட்ட கல்லு. ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்க."

ரோஸ்லினுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. நில அளவர் உரிமம் வாங்கி ஐந்தாவது மாதம் அளந்த வயல் அது.

"பதறாதீங்கம்மா, வர்றேன். நான் வர்ற வரைக்கும் மண்ணைத் தொட விடாதீங்க."

மீதி மாவைக் கணவன் ஜோஸ்வாவின் கையில் கொடுத்துவிட்டு, டேப்பையும் பழைய ஃபைலையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வழியில் மருதையனை ஏற்றிக்கொண்டாள். கொத்தனார் வேலை இல்லாத நாளில் அவளுக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வருகிறவர் அவர்தான்.

சீர்காழியில் ஒரு கட்டட வரைபடக் கடையில் எட்டு வருஷம் வீட்டு பிளான் போட்டுக் கொடுத்தவள் ரோஸ்லின். அவள் வரைவாள், வேறொருவர் கையெழுத்துப் போடுவார். முப்பத்திரண்டாவது வயதில் தேர்வு எழுதி உரிமம் வாங்கினாள். முதல் வாரமே ஒரு வயல்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பளை சர்வேயர் யாரும் வரலியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வைராக்கியம். தன் தாளில் ஒரு எண்கூட அடித்து எழுதியதாக இருக்கக் கூடாது. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அளந்து முடித்ததும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்குவாள். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு 'அளக்கிற டீச்சர்' என்று பேர்.

ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே அந்த வயலை மனசுக்குள் வரைந்து பார்த்தாள். தெற்கே தார்ரோடு. கிழக்கே வாய்க்கால். மேற்கே பஞ்சநதம் ஐயாவின் வயல். தெற்கும் வடக்கும் அறுபது மீட்டர், கிழக்கும் மேற்கும் நாற்பது. அறுபது சென்ட்டுக்கு ஒரு சென்ட் குறைவு. நாலு பக்கமும் புலப்படத்தோடு, அதாவது அரசாங்கத்தின் வயல் வரைபடத்தோடு, அப்படியே ஒத்துப்போனது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. தப்பு இருக்க வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஸ்கூட்டரை இன்னும் முடுக்கினாள்.

வயலில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். மஞ்சள் பொக்லைன் வாய்க்காலின் மறுகரையில் கையை மடக்கிக்கொண்டு நின்றது. பம்ப்செட் தண்ணீரில் முன்பட்டமாக நட்ட குறுவை நெல். நாற்பது நாள் பயிர், தூர் கட்டிக் கரும்பச்சையாக நின்றது. கலைமகள் வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள், பாலிதீன் பையில் போட்ட பத்திரங்களை நெஞ்சோடு அணைத்தபடி. புருஷன் மஸ்கட்டில். வயலைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள்.

வாய்க்கால் வேலையைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர் மதிவாணன் ரோஸ்லினிடம் வந்தார். தூக்கமில்லாத கண்கள்.

"மேட்டூர் திறந்தாச்சு மேடம். கல்லணையைத் தாண்டித் தண்ணி வந்துட்டிருக்கு. இன்னும் நாலு நாள்ல இங்க வந்துரும். அதுக்குள்ள தூர் எடுத்தாகணும், இல்லேன்னா கீழ இருக்கிற மூணு ஊருக்குத் தண்ணி போகாது." கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். "கரையோட சேர்த்து வாய்க்கால் பதினாலு மீட்டர் இருக்கணும். ரோட்டுப் பக்கம் பதினாலு இருக்கு. வடக்கே போகப் போகக் குறையுது. இவங்க வடகிழக்கு மூலைக்கிட்ட ஒன்பதுதான் இருக்கு. அஞ்சு மீட்டரைக் காணோம்."

"என் நாலு பக்கமும் சரியா இருக்கும்போது நான் எப்படிங்க அடுத்த இடத்தைப் பிடிச்சிருப்பேன்?" கலைமகளின் குரல் உடைந்தது. "அளந்து பாக்கச் சொல்லுங்க. ஒரு ஜாண் கூட இருந்தா நானே வெட்டி விடுறேன்."

ரோஸ்லின் அளந்தாள். மருதையன் முனையைப் பிடிக்க, தெற்கு வரப்பு அறுபது. கிழக்கு நாற்பது. வடக்கு அறுபது. மேற்கு நாற்பது. ஒவ்வொரு எண்ணையும் அவள் சத்தமாகச் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. நாலாவது பக்கம் முடிந்ததும் யாரோ, "பாத்தியா! எல்லாம் சரியா இருக்கு. பொக்லைனைத் திருப்பிக்கிட்டுப் போகச் சொல்லு" என்று கத்தினார்கள். இரண்டு பேர் வாய்க்காலுக்குள் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள்.

மதிவாணன் அசையவில்லை. "அப்போ என் வாய்க்கால் எங்க போச்சு மேடம்?"

ரோஸ்லின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வயல் பெரிதாகவில்லை, வாய்க்கால் சுருங்கியிருக்கிறது. தெற்கே ஒன்றுமில்லை, வடக்கே ஐந்து மீட்டர். காணாமல் போன இடம் ஒரு முக்கோணம். அவள் வரப்பின் மேல் நின்று வடக்கே பார்த்தாள். கிழக்கு வரப்பு நேராக ஓடுவதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மேற்கு வரப்பும் அதே மாதிரி. இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே பக்கமாக...

அவள் திரும்பி வேகமாக நடந்தாள்.

"மருதையண்ணே, தென்மேற்கு மூலைக்கு வாங்க."

அந்த மூலையில் இருந்தது பழைய அரசாங்கக் கல். வெள்ளத்திலும் அசையாதது. அந்தக் கல்லிலிருந்து தெற்கு வரப்பில் எட்டு மீட்டர் அளந்து ஒரு குச்சி நட்டாள். அதே கல்லிலிருந்து மேற்கு வரப்பில் ஆறு மீட்டர் அளந்து இன்னொரு குச்சி. பிறகு இரண்டு குச்சிக்கும் நடுவே பயிர்மேல் டேப்பை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். கொத்தனாரான மருதையனுக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது மூலை நேராக இருக்கிறதா என்று அவர் பார்க்கிற கணக்குதான் இது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் எட்டு என்றால் குறுக்கே பத்து வர வேண்டும். புலப்படத்தின்படி இந்த வயலின் மூலைகள் நேர்மூலைகள்.

மருதையன் டேப்பைக் குனிந்து பார்த்தார். மறுபடி இழுத்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒன்பது முப்பத்தெட்டும்மா."

அறுபத்திரண்டு சென்டிமீட்டர் குறைவு. மூலை குறுகியிருக்கிறது. தென்கிழக்கு மூலைக்கு ஓடிப் போய் அதே மாதிரி அளந்தாள். அங்கே பத்து ஐம்பத்தெட்டு. அந்த மூலை விரிந்திருக்கிறது. நாலு பக்கமும் நீளம் மாறாமல், வயல் மொத்தமும் கிழக்கே சாய்ந்து கிடந்தது.

சாய்த்தது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் ஒரே ராத்திரி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு, வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் ஊரே வெள்ளக்காடாகிவிட்டது. வடக்கே இருந்த இரண்டு கல்லும் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. கலைமகளின் புருஷனுக்கு விடுப்பு முடிய நாலு நாள்தான் இருந்தது. ரோஸ்லின் முழங்கால் தண்ணீரில் நின்று, தெற்கே மிஞ்சியிருந்த இரண்டு கல்லிலிருந்தும் வடக்கே நாற்பது நாற்பது மீட்டர் அளந்தாள். வரப்பு மண் தண்ணீரின் வேகத்தில் கிழக்கே சரிந்து கிடந்தது. அந்தச் சரிவை ஒட்டியே டேப் போனது. வடக்கே இரண்டு புள்ளிக்கும் நடுவே அறுபது வந்தது. நாலும் ஒத்துப்போன சந்தோஷத்தில் அவள் கல்லை நட்டுவிட்டாள்.

பாக்கி இருந்தது மூலைவிட்டம். தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குக் குறுக்கே அளக்க வேண்டிய கோடு. நடு வயலில் தண்ணீர் மார்பளவு நின்றது. மேற்கே மறுபடி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "நான் இறங்கி டேப்பைப் பிடிக்கிறேன் மேடம், நமக்கு நீச்சல் தெரியும்" என்றார் கலைமகளின் புருஷன். "வேணாங்க, அதான் நாலு பக்கமும் சரியா இருக்கே" என்று சொன்னாள் ரோஸ்லின். வீட்டுக்கு வந்து தாளை நிரப்பும்போது அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தது. பழைய புலப்படத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அதில் எழுதினாள். எழுபத்திரண்டு புள்ளி ஒன்று. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"என்ன மேடம், ஓரமா நின்னு வேற என்னமோ அளக்குறீங்க?"

பஞ்சநதம் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. அந்த வெள்ளத்தில் தன் மாடியில் நாற்பது பேருக்கு ஒரு வாரம் சோறு போட்டவர். அவருடைய வயலின் வடகோடியில், வரப்பை ஒட்டி, புதிதாகப் போட்ட போர்வெல்லும் மோட்டார் கொட்டகையும் இருந்தன. ரோஸ்லின் கண்ணால் அளந்தாள். வயல் கிழக்கே சாய்ந்ததில் மேற்கே விட்டுப்போன ஐந்து மீட்டருக்குள்தான் கொட்டகை முழுவதும் நின்றது.

"ஐயாவுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதல் வருஷம் உழவு ஓட்டும்போதே டிராக்டர்காரன் சொன்னான், வடக்கால நாலு சால் கூட வருதுன்னு. கல்லு நட்டது சர்வேயர். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"உங்க கொட்டகை அவங்க இடத்துல நிக்குதுங்க ஐயா."

"உங்க தாள் அப்படிச் சொல்லலையே. எழுபத்திரண்டு புள்ளி ஒண்ணுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதோட நகல் என்கிட்டயும் இருக்கு. இப்ப மாத்திப் பேசினா முதல்ல யார் உரிமம் போகும்? யோசிச்சுக்குங்க. கரையில இருக்கிற மண்ணை அவங்க வழிச்சுட்டுப் போகட்டும். ரெண்டரை சென்ட். கலைகிட்ட நான் பேசிக்கிறேன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பக்கங்கள் சரி என்று ரோஸ்லின் ஏற்கெனவே எல்லோருக்கும் கேட்கச் சொல்லியாகிவிட்டது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினால் கேட்க ஆளில்லை. பயிரும் கரையும் போகும், பழி வாய்க்கால் வரைபடத்தின் மேல் விழும். மூன்று வருஷம் சேர்த்த பேர் அப்படியே இருக்கும்.

"மேடம், நேரம் ஆகுது!" மதிவாணன் கத்தினார். "முன்னாடி நிக்கிறவங்க ஒதுங்குங்க, போலீஸுக்குப் போன் பண்ணியாச்சு." பொக்லைன் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. மடக்கியிருந்த கை நீண்டு கிழக்கு வரப்புக்கு மேலே வந்தது. கலைமகள் பத்திரப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அந்தக் கைக்கு நேர் கீழே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்துங்க!" ரோஸ்லினுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "வண்டியை நிறுத்தச் சொல்லுங்க சார். தப்பு என்னோடது."

இன்ஜின் அணைந்தது. எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. அவள் வடக்கு மூலை இரண்டையும் கையால் காட்டினாள்.

"அந்தக் கல்லு ரெண்டும் தப்பான இடத்துல இருக்கு. நட்டது நான். நாலு பக்கத்தை மட்டும் அளந்துட்டு நட்டேன். மூலைக்கு மூலை குறுக்கே அளக்கணும். அளக்கலை. அளந்த மாதிரி தாள்ல எழுதிட்டேன்."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "அதெப்படிம்மா? நாலு பக்கமும் சரியா இருந்தா இடமும் சரியாத்தானே இருக்கணும்?" என்றார்.

டீ வாங்கி வந்த அட்டைப்பெட்டி ஒன்று ரோட்டோரம் கிடந்தது. ரோஸ்லின் அதை எடுத்து மேல் மூடியையும் அடிப்பாகத்தையும் பிரித்துவிட்டாள். நாலு சுவர் மட்டும் மிஞ்சியது. நேராக நிமிர்த்திக் காட்டினாள். "இதுதான் வயல். நாலு பக்கம், நாலு மூலை." பிறகு ஒரு பக்கமாக உள்ளங்கையால் தள்ளினாள். பெட்டி சாய்ந்தது. "இப்பவும் நாலு பக்கமும் அதே நீளம்தான். மூலைதான் மாறிடுச்சு. இன்னும் அமுக்கினா மொத்தமா மடிஞ்சே போகும், அப்பவும் பக்கம் குறையாது. மூணு பக்கம் இருக்கிற முக்கோணம் இப்படிச் சாயாது. அதனாலதான் வயலைக் குறுக்கே ஒரு கோடு போட்டு ரெண்டு முக்கோணமாக்கி அளக்கணும்னு வச்சிருக்காங்க. அந்தக் கோட்டை நான் விட்டுட்டேன். வயல் கிழக்கே சாஞ்சு வாய்க்கால்ல விழுந்திருக்கு. மேற்கே அதே அளவு இடம் பஞ்சநதம் ஐயா பக்கம் போயிருக்கு."

"நாளுக்கு ஒரு கதை!" என்று பஞ்சநதம் பாய்ந்தார். சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து மதிவாணன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது இவங்க கையெழுத்து. எழுபத்திரண்டு புள்ளி ஒண்ணு. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்கு எழுதினதுதாங்க பொய்" என்றாள் ரோஸ்லின்.

மதிவாணன் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அளந்து காட்டுங்க."

மருதையன் தென்மேற்குக் கல்லில் முனையைப் பிடித்துக்கொண்டார். ரோஸ்லின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பயிருக்குள் இறங்கினாள். பயிர் வரிசைக்கு நடுவே சேற்றில் கால் புதைய, டேப்பை இழுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்கு நடந்தாள். மதிவாணனே வரப்பைச் சுற்றி வந்து அங்கே குனிந்து எண்ணைப் படித்தார்.

"எழுபத்தாறு புள்ளி ஒண்ணு ஆறு."

நாலு மீட்டர் அதிகம். மதிவாணன் பெருமூச்சு விட்டுவிட்டு டிரைவருக்குக் கை காட்டினார். "வண்டியைக் கீழ்ப் பக்கம் கொண்டு போ. இங்க நாளைக்குத்தான்." தாலுகாவிலிருந்து அரசாங்க சர்வேயரைக் கருவியோடு வரவழைக்கிறேன் என்று அங்கேயே நின்று போன் செய்தார்.

கலைமகள் இன்னும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் சேறு வழியும் காலோடு அவள் அருகே போனாள். நன்றி எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கலைமகள் சொன்னது அடிபோல விழுந்தது.

"அன்னைக்கு என் வீட்டுக்காரர் தண்ணியில இறங்குறேன்னாரே மேடம். நீங்கதானே வேணாம்னீங்க."

"ஆமாங்க."

"மூணு வருஷம் அடுத்தவன் கரையில நாத்து நட்டிருக்கேன். என் இடத்துல அவர் போர் போட்டிருக்கார்." அவள் எழுந்து போய்ச் சிதறிக் கிடந்த பத்திரங்களைப் பொறுக்கினாள். உதவக் குனிந்த ரோஸ்லினின் கையை, கோபமில்லாமல், ஆனால் உறுதியாக விலக்கிவிட்டாள்.

மறுநாள் அரசாங்க சர்வேயர் வந்து அளந்தார். இரண்டு கல்லும் ஐந்து மீட்டர் மேற்கே நகர்ந்தன. கரையில் நின்ற பயிரைக் கலைமகள் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டாள். தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் வாய்க்கால் பதினாலு மீட்டரானது. போர்வெல் கலைமகளின் நிலத்துக்குள் போய்விட்டது. அதை மூடச் சொல்லி அவள் சண்டை போடுவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. அவள் பஞ்சநதம் வீட்டு வாசலுக்குப் போய், "மாமா, ஒரு நாள் நீங்க இறைங்க, ஒரு நாள் நான் இறைக்கிறேன். கொட்டகையை மட்டும் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பிவிட்டாளாம். ஒரு வாரம் கழித்து அவர் கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

ஆனால் பஞ்சநதம் ரோஸ்லினை விடவில்லை. பொய்யான அளவு எழுதியதாக மேலதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். விசாரணைக்குக் கலைமகளையும் கூப்பிட்டார்கள். ரோஸ்லின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கலைமகள் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "இவங்க அளக்காம எழுதினாங்க. எனக்கு நஷ்டம். அப்புறம் பொக்லைன் என் தலைக்கு மேல நிக்கும்போது, இவங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரெண்டையும் எழுதிக்குங்க சார்." ஆறு மாதத்துக்கு உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த ஆறு மாதமும் ரோஸ்லின் பழைய வரைபடக் கடைக்கே போய் வீட்டு பிளான் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் ஆராதனை முடிந்ததும் மருதையனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதே வெள்ளத்தில் அவள் கல் நட்ட வயல்கள் இன்னும் பதினொன்று இருந்தன. "யாரும் கேக்காம எதுக்குப் போய்க் கிளறுற?" என்று ஜோஸ்வா கேட்டான். ஒவ்வொரு வயல்காரர் வீட்டிலும் அதே கேள்வி வந்தது. சிலர் திட்டினார்கள், ஒருவர் நாயை அவிழ்த்து விட்டார்.

பத்து வயல் சரியாக இருந்தது. பதினோராவதில் மூலைவிட்டம் ஒரு மீட்டர் அதிகமாக இருந்தது. வயல்காரரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் தானே போய்ச் சொன்னாள். தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கல்லை நகர்த்தி நடும் நாளில் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். இரண்டு பேரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்கழியில் உரிமம் திரும்ப வந்தது. இரண்டு வாரம் ஒரு அழைப்பும் இல்லை. மூன்றாவது வாரம் கூத்தாநல்லூரிலிருந்து கமருன்னிஸா என்றொரு அம்மா கூப்பிட்டு, வீட்டு மனையை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டும், வர முடியுமா என்று கேட்டார்.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன்மா" என்றார்.

என்ன கேள்விப்பட்டார் என்று ரோஸ்லின் கேட்கவில்லை. "நாளைக்குக் காலையில வர்றேங்க" என்று மட்டும் சொன்னாள்.